முகில் நாட்டுச் செடிக்கு முந்திரி நாட்டில் இடமுண்டா?

அரியலூர் மாவட்டத்தின் ஆண்டிமடம் பகுதி செம்மண்ணுக்கும் முந்திரிக்கும் பெயர் பெற்றது. பங்குனி, சித்திரை மாதங்களில் கொட்டை பொறுக்கி விற்று முடித்ததும் குடும்பங்களில் சிறிது பணம் புழங்கும். அதில் ஒரு சிறு பங்கு வீட்டுத் தோட்டத்துக்குப் போவது நல்ல பழக்கமே. மல்லிகையும் செம்பருத்தியும் மட்டுமே இருந்த முற்றங்களில் அண்மைக் காலமாக ஆர்கிட் செடிகளும் இடம் கேட்கின்றன. அவற்றிலும், விரல் உயரமே வளர்ந்து கடுகளவும் மிளகளவும் பூக்கும் குட்டி ஆர்கிட்டுகளின் படங்கள் கைபேசி வழியாக வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்துவிட்டன. குரங்கு முகம் போன்ற பூ, வால் முளைத்த பூ, கண்ணாடி போல மின்னும் பூ என்று பல வகைகள். பார்த்தவர் மனம் ஆசைப்படுவது இயல்பு.

ஆசை தவறல்ல. ஆனால் அந்தச் செடிகள் எந்த மண்ணில், எந்தக் காற்றில் பிறந்தவை என்று அறியாமல் வாங்குவதால் பணமும் வீணாகிறது. மலைக்காட்டுச் செல்வமும் அழிகிறது. இவ்விரண்டையும் தோட்டம் வைப்போர் எண்ணிப் பார்ப்பது அவசியம்.

முகில் காடு என்பது யாது?

இக்குட்டி ஆர்கிட்டுகளில் பெரும்பாலானவை தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில், ஈக்வடார், கொலம்பியா, பெரு ஆகிய நாடுகளின் முகில் காடுகளில் வளர்பவை. மாஸ்டெவாலியா, டிராகுலா, லெபாந்தஸ், பிளேட்டிஸ்டீல் முதலிய பேரினங்கள் இவற்றுள் அடங்கும். குரங்கு முகப் பூ என்று பேசப்படுவது ஈக்வடாரைச் சேர்ந்த டிராகுலா சிமியா ஆகும். இக்காடுகளில் மழை பெய்யாத நாளிலும் மேகம் மரங்களுக்கிடையே தவழும். மரப்பட்டை முழுவதும் பாசி படர்ந்திருக்கும். பகலில் 18 முதல் 24 டிகிரி செல்சியஸ், இரவில் 10 முதல் 14 டிகிரி என்பதே இச்செடிகளுக்கு உகந்த சூழ்நிலை. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும். ஆனால் காற்று தேங்கி நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும்.

இத்தகைய காட்டைப் பார்க்க ஆண்டிஸ் மலைவரை போக வேண்டியதில்லை. நீலகிரியிலும் பழனி மலையிலும் உள்ள சோலைக்காடுகள் இதே குணம் உடையவை. அங்கேயும் ஓபரோனியா, பல்போபில்லம் போன்ற குட்டி ஆர்கிட்டுகள் பாசி படர்ந்த கிளைகளில் தொற்றி வாழ்கின்றன. சேர்வராயன் மலையில் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில், இந்தியத் தாவர ஆய்வுத் துறை 1963ஆம் ஆண்டு தேசிய ஆர்கிட் தோட்டத்தை நிறுவியது. தென்னிந்திய ஆர்கிட்டுகளைச் சேகரித்துக் காக்கும் பணிக்கு அந்த உயரம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதே ஒரு பாடமாகும்.

இரவுக் குளிர் ஏன் தேவை?

"நிழல் கொடுத்து, நாளுக்கு நான்கு முறை தண்ணீர் தெளித்தால் எந்தச் செடியும் வளராதா?" என்று கேட்பவர் உண்டு. இதற்குச் செடியின் வரவு செலவுக் கணக்கைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

இலை பகலில் வெளிச்சத்தைக் கொண்டு மாவுப்பொருள் தயாரிக்கிறது. இது வரவு. இரவும் பகலும் சுவாசித்து அதில் ஒரு பகுதியைக் கரைக்கிறது. இது செலவு. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் சுவாசச் செலவு ஏறத்தாழ இரு மடங்காகும். 12 டிகிரி இரவுக்குப் பழகிய செடியை 27 டிகிரி இரவில் வைத்தால் அதன் இரவுச் செலவு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. முகில் காட்டின் மங்கலான வெளிச்சத்தில் வாழும் இச்செடிக்கோ வரவு மிகக் குறைவு. சில வாரங்களில் சேமிப்பு தீர்ந்துவிடும். பிறகு இலை மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிரும். வளர்ப்பவர் தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றுவார், வேர் அழுகும். உண்மையில் செடி இறப்பது தாகத்தால் அல்ல, பசியால்.

இன்னொரு குறையும் உண்டு. மாஸ்டெவாலியா, டிராகுலா குடும்பத்துச் செடிகளுக்கு மற்ற பல ஆர்கிட்டுகளைப் போலத் தண்ணீரைச் சேமிக்கும் தண்டுக்கிழங்கு கிடையாது. முகில் எப்போதும் இருக்கும் இடத்தில் பிறந்தவற்றுக்குச் சேமிப்பு எதற்கு? ஆகவே ஒரு நாள் வறண்ட காற்று வீசினாலும் அவை தாங்கா.

ஆண்டிமடத்தின் நிலை

கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. 2240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலம் சமவெளியைவிட 14 டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருப்பதன் காரணம் இதுவே. ஆண்டிமடமோ முழுக்கச் சமவெளி. கத்திரி வெயில் நாட்களில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். இரவிலும் 26, 27 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. மார்கழி, தை மாதங்களில்கூட இரவு 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். அதாவது, ஆண்டிமடத்தின் மிகக் குளிர்ந்த இரவு, இச்செடிகளுக்கு அவற்றின் ஊரில் ஒரு சாதாரணப் பகற்பொழுது.

ஈரச்சாக்கு தொங்கவிட்டும், ஈரத்தட்டி வைத்த விசிறி போட்டும் குளிர்விக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வர். இது மண்பானைத் தத்துவம். வறண்ட கோடை நண்பகலில் பானைத் தண்ணீர் நன்றாகக் குளிரும், மழைக்காலத்தில் குளிராது. காற்றில் ஈரம் கூடக்கூட நீர் ஆவியாவது குறைவதே இதற்குக் காரணம். 40 டிகிரி வெப்பமும் 35 சதவீத ஈரப்பதமும் உள்ள நண்பகலில் இம்முறையால் அதிகபட்சம் 27 டிகிரி வரை இறக்கலாம். ஆனால் 27 டிகிரி வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள இரவில் 25 டிகிரிக்குக் கீழே இறக்க முடியாது. பகலில் உதவும் முறை, உதவி மிகத் தேவைப்படும் இரவில் கைவிட்டு விடுகிறது.

எஞ்சியிருப்பது மின்சாரக் குளிர்ப்பெட்டி ஒன்றே. கண்ணாடிக் கதவுள்ள குளிர்சாதனப் பெட்டியில் சிறு விசிறியும் விளக்கும் பொருத்தி, இரவில் 12 முதல் 15 டிகிரிக்கு இறக்கி வளர்ப்பது நகரங்களில் சிலர் கையாளும் முறை. இது நடைமுறையில் முடியாததல்ல. ஆனால் ஒரு நாளைக்கு மூன்று யூனிட் மின்சாரம் என்று வைத்துக்கொண்டாலும் இரு மாதங்களுக்கு 180 யூனிட் ஆகும். வீட்டின் மற்றச் செலவோடு இதுவும் சேர்ந்தால் மின் கட்டணம் மேற்படிக்குத் தாவும். அதைவிடப் பெரிய அபாயம் மின்தடை. காற்றடித்துக் கம்பி அறுந்து ஒரு நாள் மின்சாரம் நின்றால், மூன்றாண்டு வளர்த்த செடிகள் கோடை நாள் ஒன்றில் வதங்கிவிடும்.

பழைய பாடம் ஒன்று

இடமறியாமல் வளர்த்து இழந்தவர்கள் புதியவர்கள் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செல்வந்தர்கள் வெப்ப நாடுகளிலிருந்து கப்பல் கப்பலாக ஆர்கிட்டுகளை வரவழைத்தனர். வெப்ப நாட்டுச் செடி என்றால் கொதிக்கும் வெப்பம் வேண்டும் என்று எண்ணி, காற்றுப் புகாத கண்ணாடி வீடுகளில் அடுப்பு மூட்டி அடைத்து வைத்தனர். குளிர்ந்த மலைகளில் பிறந்தவையும் அதே புழுக்கத்தில் வெந்து ஆயிரக்கணக்கில் மடிந்தன. சாட்ஸ்வொர்த் தோட்டத்தில் ஜோசப் பாக்ஸ்டன் போன்றவர்கள் வெப்பத்தைக் குறைத்துக் காற்றோட்டம் கொடுத்த பிறகே நிலைமை திருந்தியது. நாட்டின் பெயரை மட்டும் பாராமல் செடி வளர்ந்த உயரத்தையும் பார்க்க வேண்டும் என்பதை அவர்கள் பெரும் இழப்புக்குப் பின்னரே கற்றனர். அதே இழப்பை இங்கே மீண்டும் படுவானேன்?

முந்திரி விவசாயிகளுக்கு இது விளங்காத செய்தியல்ல. உதகமண்டலத்தில் முந்திரித் தோப்பு போட எவரும் முனைவதில்லை. குளிரில் அது காய்க்காது என்று அனைவரும் அறிவர். முந்திரிக்கு ஒரு நீதி, ஆர்கிட்டுக்கு ஒரு நீதி இருக்க முடியாது.

விதை விற்பனை என்னும் ஏமாற்று

இணைய வழி விற்பனையில் குரங்கு முக ஆர்கிட் விதை என்று சிறு பொட்டலங்கள் வருகின்றன. தொட்டியில் தூவினால் முளைக்கும் என்றும் எழுதியிருக்கிறது. இதை நம்ப வேண்டாம். ஆர்கிட் விதை தூசி போன்றது. நெல்லிலும் பயறிலும் இருப்பது போன்ற உணவுச் சேமிப்பு அதில் இல்லை. இயற்கையில் ஒரு வகைப் பூசணம் உணவு ஊட்டினால்தான் அது முளைக்கும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த ஊடகத்தில் பூசணத் துணையின்றி ஆர்கிட் விதையை முளைக்கச் செய்யும் முறையை 1922ஆம் ஆண்டு வெளியிட்டார். இன்றளவும் கிருமி நீக்கிய கண்ணாடிக் குடுவையில் ஆய்வுக்கூடத்தில்தான் இவ்விதை முளைக்கிறது. அதன்பின் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். எனவே பொட்டலத்தில் இருப்பது எந்தச் செடியின் விதையாக இருந்தாலும், வாங்கியவர் முற்றத்தில் குரங்கு முகம் பூக்கப் போவதில்லை.

காட்டிலிருந்து வரும் செடி

பொய் விதையால் பணம் மட்டும் போகிறது. காட்டில் பிடுங்கிய செடியால் போவதோ திரும்ப வராதது. மலைவாசத் தலங்களின் சாலையோரங்களில் பாசி ஒட்டிய கிளைத் துண்டோடு விற்கப்படும் ஆர்கிட், நாற்றங்காலில் வளர்ந்தது அல்ல என்பதைப் பார்த்த உடனே அறியலாம். கோணல் மாணலான வேர், பூச்சி கடித்த பழைய இலை, மரப்பட்டைத் துணுக்கு ஆகியவை அதன் அடையாளங்கள். அது சமவெளிக்கு வந்து ஒரு கோடையையும் தாண்டாது.

அகத்தியர் மலையில் மட்டுமே இயற்கையாக வளரும் ட்ரூரி ஆர்கிட்டின் கதை அனைவரும் அறிய வேண்டியது. தென்னிந்தியாவுக்கே உரிய ஒரே செருப்புப் பூ ஆர்கிட் அது. மஞ்சள் நிற அழகே அதற்கு எமனாயிற்று. சேகரிப்போர் மூட்டை மூட்டையாகப் பிடுங்கிச் சென்றதால் அது அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டது. இன்று அதன் பன்னாட்டு வணிகம் தடை செய்யப்பட்டுள்ளது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம் செருப்புப் பூ ஆர்கிட்டுகளையும், நீல வாண்டா, சிவப்பு வாண்டா ஆகியவற்றையும் பாதுகாக்கப்பட்ட செடிகளின் பட்டியலில் சேர்த்தது. காப்புக் காடுகளில் எந்தச் செடியைப் பிடுங்குவதும் குற்றமே. வாங்கும் கை இல்லாவிட்டால் பிடுங்கும் கை நின்றுவிடும். ஆகவே ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செடி என்று பட்டியல் சீட்டுடன் தரும் நாற்றங்காலிலன்றி வேறு எங்கும் ஆர்கிட் வாங்கலாகாது.

சோழமண்டலத்தின் சொந்த ஆர்கிட்

அப்படியாயின் ஆண்டிமடத்துக்காரர் ஆர்கிட்டே வளர்க்கக் கூடாதா? தாராளமாக வளர்க்கலாம். வெளிநாட்டு முகிலைத் தேடுவதை விட்டுச் சொந்தச் சமவெளியைப் பார்த்தால் போதும்.

கிழக்குக் கரைச் சமவெளியின் புதர்க்காடுகளிலும் தோப்புகளிலும் மா, புளி போன்ற பழைய மரங்களின் கிளைகளில் தொற்றி வளர்வது வாண்டா டெசலேட்டா என்னும் ஆர்கிட். தடித்த, வார் போன்ற இலைகள் இரு வரிசையாக அமைந்திருக்கும். கட்டம் போட்ட துணி போலப் பழுப்பும் மஞ்சளும் கலந்த இதழ்கள், நடுவில் நீலம் கலந்த உதடு, இனிய மணம். பூங்கொத்து வாரக்கணக்கில் வாடாது. தாவர அறிஞர் ராக்ஸ்பர்க், சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் பற்றி 1795ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய தமது நூலில் இதைப் படத்துடன் விவரித்தார். வாண்டா என்ற பெயரே வடமொழியிலிருந்து உலகத் தாவரவியலுக்குச் சென்றது. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகில் வாழ்வோர் சோழமண்டலத்துச் செடியை மறந்து ஈக்வடார் செடிக்கு ஏங்குவது பொருத்தமாகப் படவில்லை.

இச்செடிக்கு நம் வெயில் பகையல்ல. இதன் இலைத்துளைகள் பகலில் மூடிக்கொண்டு, இரவின் குளுமையில் திறந்து கரியமில வாயுவைச் சேமித்துக்கொள்கின்றன. அதனால் நீர் இழப்பு மிகக் குறைவு. தடித்த வேரின் பஞ்சு போன்ற உறை பனியையும் மழையையும் உறிஞ்சி வைக்கிறது.

வருத்தம் யாதெனில், இதைப் புல்லுருவி என்று எண்ணி வெட்டி எறியும் வழக்கம் இன்னும் இருக்கிறது. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும் ஒட்டுண்ணி, மாமரத்துக்குக் கேடு செய்வது, நீக்கவேண்டியது. ஆர்கிட்டோ மரத்தில் குடியிருப்பது மட்டுமே. மரத்திடம் ஒரு துளிச் சாறும் வாங்குவதில்லை. புல்லுருவி கிளைக்குள்ளேயே வேரை இறக்கி, ஒட்டுப் போட்டது போலப் பருத்திருக்கும். ஆர்கிட்டின் வெண்ணிற வேர்கள் பட்டையின் மேலே ஊர்ந்தும் காற்றில் தொங்கியும் இருக்கும். இவ்வேறுபாட்டைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டால் பல செடிகள் பிழைக்கும்.

வீட்டில் வளர்க்கும் முறை

வாண்டா, டென்ட்ரோபியம், மொக்காரா ஆகிய வெப்பம் தாங்கும் கலப்பினங்கள் நாற்றங்கால்களில் கிடைக்கின்றன. குட்டிச் செடியே வேண்டுவோர் கரீபியன் தீவுகளைச் சேர்ந்த டோலும்னியாவை முயன்று பார்க்கலாம்.

மண் அறவே கூடாது. மரச்சட்டக் கூடையில் மரக்கரி, செங்கல் துண்டு, பல முறை தண்ணீரில் ஊறவைத்துக் கறை நீக்கிய தேங்காய் மட்டைத் துண்டு ஆகியவற்றை இட்டு நடலாம். வாண்டாவுக்கு வெறும் கூடையே போதும். வேர் காற்றில் தொங்கட்டும். 50 சதவீத நிழல்வலை பொருத்தமானது. சித்திரை, வைகாசியில் மேலும் ஒரு வலையை மேற்குப் பக்கம் கட்டலாம். ஆடிக் காற்று செடியை உலர்த்திவிடும். அந்த மாதங்களில் காற்றுத் தடுப்பு அவசியம். மொட்டை மாடியைவிட மரத்தடியும் கிழக்குத் தாழ்வாரமும் மேல். மாடித் தளம் பகல் சூட்டை இரவெல்லாம் கக்கும்.

தண்ணீரைக் காலையில் தெளிக்க வேண்டும். வெள்ளி நிற வேர் பச்சையாக மாறும்வரை நனைத்தால் போதும். மாலைக்குள் இலையிடுக்கு உலர்ந்துவிட வேண்டும். இல்லையேல் குருத்து அழுகும். ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு இருந்தால் வேர் நுனி கருகும்; எனவே நீரைச் சோதித்துப் பார்ப்பது நன்று. கூரையிலிருந்து பிடித்த மழைநீரே ஆர்கிட்டுக்கு ஏற்றது. நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் வாரம் ஒரு முறை தெளிக்கலாம். நத்தைகளைக் கையால் பொறுக்கி அழிக்கலாம்.

பரிசாக வரும் பலனாப்சிஸ் எனும் ஆர்கிட்டைப் பற்றியும் ஒரு சொல். இது சமவெளியில் உயிர் வாழும். ஆனால் பூந்தண்டு விடச் சில வாரங்களாவது வெப்பநிலை 26 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் வெளியே நிழலில் வைத்தால் பூக்க வாய்ப்புண்டு.

வருமானம் வருமா?

ஆர்கிட் வளர்த்தால் மாதம் இவ்வளவு கிடைக்கும் என்னும் விளம்பரங்களை நம்பி முந்திரிப் பணத்தை முடக்குவது விவேகமன்று. இப்பகுதிச் சந்தை உதிரிப் பூச் சந்தை. மல்லியும் சாமந்தியும் எடை போட்டு விற்கப்படுகின்றன. ஆர்கிட்டோ தண்டுக் கணக்கில், பெரு நகர மேடை அலங்காரக்காரர்களிடம் விற்பது. பறித்த பூவைக் குளிர்ச்சியாக அங்கே கொண்டு சேர்க்கும் வழியும், நிலையாக வாங்கும் ஆளும் உறுதியாகும் முன் நிழல்வலைக்கூடம் எழுப்பலாகாது. வீட்டுக்குப் பத்துச் செடி என்பது மகிழ்ச்சி. கடன் வாங்கி ஆயிரம் செடி என்பது சூதாட்டம்.

செய்ய வேண்டியவை

வேளாண் அறிவியல் நிலையங்களும் தோட்டக்கலைத் துறையும் சமவெளி ஆர்கிட்டுகளுக்கு ஒரு சிறு செயல்விளக்கத் தோட்டம் அமைத்தால், மக்கள் கைபேசிப் படத்தை நம்பாமல் கண்ணால் கண்டு முடிவு செய்வர். சொந்த மண்ணின் வாண்டாவை ஆய்வுக்கூடத்தில் பெருக்கிக் குறைந்த விலைக்கு வழங்கினால் காட்டைத் தொடவேண்டிய தேவை இராது. சாலை விரிவாக்கத்துக்காகப் பழைய புளிய மரங்களை வெட்டும்போது, கிளைகளில் உள்ள ஆர்கிட்டுகளை உரிய அனுமதியுடன் எடுத்து, பள்ளி வளாகத்து மரங்களிலும் கோயில் மரங்களிலும் தேங்காய் நாரால் கட்டி வைக்கலாம். இதற்குப் பெரும் செலவில்லை. மரம் விழும் நாளில் ஏணியோடு இரண்டு பேர் நின்றால் போதும்.

முகில் காட்டுக் குட்டிச் செடியைக் குளிர்ப்பெட்டியில் வளர்க்கும் வசதியும் பொறுமையும் உள்ளவர் வளர்க்கட்டும். செடி ஆய்வுக்கூடத்தில் பிறந்ததாக மட்டும் இருக்கட்டும். மற்றவர்கள் அடுத்த முறை மாந்தோப்புக்குப் போகும்போது ஒரு கணம் நிமிர்ந்து கிளைகளைப் பார்க்க வேண்டும். விலை கொடுத்துத் தேடும் பூ அங்கேயே பூத்திருக்கக் கூடும். அரிவாளைத் தூக்குமுன் அது புல்லுருவியா, ஆர்கிட்டா என்று வேரைப் பார்த்துத் தெளிவது நலம்.